தெல்தோட்டை மலையில் ஐநேச்சுரலிஸ்ட்

கண்டி மாவட்டத்துத் தெல்தோட்டைப் பக்கம் காட்டுயிர் பார்க்க வில்பத்துவுக்கோ யாலவுக்கோ போவதுபோல் ஜீப் பிடிக்கத் தேவையில்லை. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துர தோட்டம் இங்கிருந்து கிட்டத்தான். தேயிலை மலைக்கும் முகட்டில் மிஞ்சிய காட்டுக்கும் இடையில், வீட்டுத் தோட்டத்து மிளகுக் கொடியிலும் ஓடைக்கரைப் புதரிலும், இலங்கையைத் தவிர வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் உலாவுகின்றன. போன் வைத்திருக்கும் பிள்ளைகள் அவற்றைப் படம் எடுக்கத்தான் செய்கிறார்கள். எடுத்த படங்கள் நாலு பேருக்குப் போய், ஒரு வாரத்தில் மறந்தும் போகின்றன.

அந்தப் படங்களைப் பயனுள்ள பதிவுகளாக மாற்ற வல்லது ஐநேச்சுரலிஸ்ட் செயலி. 2008இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக முதுநிலை மாணவர்களின் இறுதிச் செயற்றிட்டமாகத் தொடங்கி, 2023 முதல் தனியான இலாப நோக்கற்ற நிறுவனமாக இயங்குகிறது. கட்டணம் கிடையாது, விளம்பரத் தொல்லையும் கிடையாது. படத்தை ஏற்றினால் செயலி சில பெயர்களை முன்வைக்கும். அதைப் பிறர் பார்த்துச் சரி, பிழை சொல்வார்கள். தேதி, இடம், படம் மூன்றும் இருந்து, பெயரிட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோர் ஒத்துப்போனால் அது ஆய்வுத் தரப் பதிவாகிறது. உரிமக் குறிப்பு இடம் கொடுத்தால் ஜிபிஐஎஃப் என்ற உலகத் தரவுக் களஞ்சியத்துக்கும் போய்ச் சேருகிறது.

செயலி எதில் கெட்டி? வேலியில் ஏறித் தலை சிவக்க நிற்கும் பச்சை ஓணான் போன்றவற்றில். படம் தெளிவாக இருந்தால் சரியான பெயர் பட்டியலின் மேலேயே வந்துவிடும். குருவிகளிடம் போனின் கமரா தோற்றுப்போகிறது. மலைநாட்டுக்கே உரிய மஞ்சள்காதுக் கொண்டைக்குருவி ஒரு கிளை தள்ளி உட்கார்ந்தாலும் படத்தில் புள்ளிதான். அப்போது அதன் குரலைப் பதிவுசெய்து ஏற்றலாம். ஆனால் ஒலியைக் கேட்டு இந்தச் செயலி தானாகப் பெயர் சொல்லாது, காது பழகிய யாராவது வந்துதான் சொல்ல வேண்டும்.

தவளைகளிடம் நிலைமை இன்னும் கடினம். வாற்பேத்தைப் பருவமே இல்லாமல் முட்டையிலிருந்து நேராகக் குட்டித் தவளை வெளிவரும் புதர்த்தவளை இனங்கள் இலங்கையில் 70க்கு மேல் விவரிக்கப்பட்டுள்ளன. ஓர் இனத்தைச் செயலி கற்றுக்கொள்ளச் சுமார் 100 படங்களாவது வேண்டும். பல இனங்களுக்கு அத்தனை படம் சேர்வது பெரிய காரியம். ஆகவே இங்கே முதலில் வந்த பெயரைக் கண்ணை மூடிக்கொண்டு அழுத்தக் கூடாது. பேரினத்தோடு நிறுத்திக்கொள்வதுதான் நேர்மை. இந்தப் படப் பற்றாக்குறையைப் போக்கக்கூடிய படங்கள் தெல்தோட்டை போன்ற ஊர்களிலிருந்துதான் வர வேண்டும்.

கண்டியைச் சுற்றிய ஈரமான வீட்டுத் தோட்டங்களில் அதிர்ஷ்டம் இருந்தால் மூக்கு முண்டு ஓணானைப் பார்க்கலாம். முகத்தின் முனையில் உருண்டையான புடைப்பு, ஆணுக்கு மஞ்சள் தொண்டை, மிரட்டினால் வாயைப் பிளந்து உள்ளிருக்கும் சிவப்பைக் காட்டும். தன் பேரினத்தில் இந்த ஒன்றே ஒன்றுதான். மரத்தில் அசையாமல் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் போனுக்கு நல்ல ஆள். முழு உடல் ஒன்று, பக்கவாட்டில் தலை ஒன்று, சுற்றியுள்ள மரத்தோடு ஒன்று என மூன்று படம் போதும். மூன்றையும் ஒரே பதிவில் சேர்க்கலாம். ஏற்றுவதற்கு முன் ஓணான் படச் சட்டத்தை நிரப்பும்படி வெட்டிவிட்டால் செயலியின் ஊகம் கூர்மையாகிறது. கையில் பிடித்துப் படம் எடுக்கவே கூடாது.

இந்த ஓணானால்தான் செயலியின் மிக முக்கியமான அமைப்பு எதுவென்று புரிகிறது. இலங்கையின் அரிய ஓணான்கள் செல்லப்பிராணிச் சந்தைக்காகக் கடத்தப்படுவதால், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களின் சர்வதேச வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டஸ் உடன்படிக்கையின் மாநாடு, 2019 ஓகஸ்ட்டில் ஜெனீவாவில் கூடியபோது, இதையும் வேறு பல ஓணான்களையும் தன் கட்டுப்பாட்டுப் பட்டியல்களில் சேர்த்தது. சரியான இடத்தோடு ஒரு படம் பொதுவில் கிடந்தால் திருடனுக்கு வழி காட்டியதாகிவிடும். அழியும் ஆபத்தில் உள்ளவையாகக் குறிக்கப்பட்ட இனங்களின் இடத்தைச் செயலி தானாகவே மறைக்கிறது. பக்கத்துக்குச் சுமார் 22 கிலோமீட்டர் உள்ள சதுரத்துக்குள் எங்கோ என்று மட்டும் காட்டும். மற்றவற்றுக்குப் பதிவிடுபவரே மறைக்கலாம். வீட்டுத் தோட்டத்தில் எடுத்த எல்லாப் படத்துக்கும் இதைச் செய்வது நல்லது. சிறுத்தையின் கால்தடத்துக்குக் கட்டாயம் செய்ய வேண்டும். 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத் தோட்டமொன்றில் கண்ணியில் சிக்கிய அரிய கருஞ்சிறுத்தை சில நாளில் செத்துப்போனதை மலையகம் மறந்திருக்காது.

சிக்னல் இல்லாத பள்ளத்தில் பெயர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். இணையம் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். பதிவைச் சேமித்துவைத்து வீட்டுக்கு வந்து ஏற்றலாம். அடர்ந்த மரத்தடியில் இடக்குறி தடுமாறும் என்பதால், ஏற்றும்போது வரைபடத்தில் ஒருமுறை சரிபார்க்க வேண்டும்.

வாட்ஸ்அப்பில் வந்த படத்தைப் பதிவேற்ற நினைப்பவர்களுக்கு ஒரு தடை உண்டு. சாதாரணமாக அனுப்பிய படத்திலிருந்து எடுத்த நேரமும் இடமும் அழிந்துவிடும். எடுத்தவரையே செயலியில் ஏற்றச் சொல்வதுதான் முறை, படமும் அவருடையதுதானே. கணக்குத் திறக்க உதவி வேண்டுமென்றால், மூலப் படத்தை வாட்ஸ்அப்பில் ஆவணமாக அனுப்பச் சொல்லி, நேரமும் இடமும் அப்படியே இருக்கின்றனவா என்று பார்த்து, அவர் பெயரிலேயே ஏற்றிக் கொடுக்கலாம்.