மக்ரூனின் பக்குவம்

தென்பாண்டிச் சீமையில் ஊருக்கு ஒரு தின்பண்டம் என்பது எழுதாத சாசனம். திருநெல்வேலிக்கு அல்வா, ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பால்கோவா, கோவில்பட்டிக்குக் கடலைமிட்டாய், சாத்தூருக்குக் காராச்சேவு, உடன்குடிக்குக் கருப்பட்டி என்று பாகப்பிரிவினை முடிந்த பிற்பாடு, கடற்கரையோரமாக உப்பும் முத்தும் சங்கும் விற்றுக்கொண்டிருந்த தூத்துக்குடியின் பங்குக்கு வந்து சேர்ந்தது மக்ரூன். ஏனைய ஊர்ப் பண்டங்களெல்லாம் அடியில் எரியும் நெருப்பின்மேல் பாத்திரத்தை ஏற்றி, கிண்டியோ சுண்டவைத்தோ பொரித்தோ உண்டாக்கப்படுபவை. சர்க்கரையைப் பாகாக்குவதும், பாலைத் திரட்டுவதும், நெய்யிலோ எண்ணெயிலோ இட்டெடுப்பதுமே நம் நாட்டுப் பலகாரக் கலையின் ராஜபாட்டைகள். மக்ரூன் இவற்றில் எந்த வழியிலும் வந்ததன்று. அதில் பாகு இல்லை, பால் இல்லை, நெய் இல்லை, மாவுகூட இல்லை. முட்டையின் வெண்கரு, சர்க்கரை, முந்திரிப்பருப்பு என்ற மூன்று பதார்த்தங்களோடு, கணக்கில் வராத நாலாவது பதார்த்தமாகக் காற்றையும் சேர்த்துக்கொண்டு, நாற்புறமும் சூழ்ந்த வெப்பத்தில், யாரும் கிளறாமல், யாரும் திருப்பிப் போடாமல், தன்போக்கில் பக்குவமடைகிற பண்டம் அது.

இதன் பூர்வோத்தரத்தை விசாரித்தால் ஊரார் ஒருமுகமாகப் போர்ச்சுகீசியரைக் கைகாட்டுவார்கள். 16-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்து, 1542-இல் பிரான்சிஸ் சவேரியார் பரதவர் மத்தியில் ஊழியம் தொடங்கிய காலத்தில் வேரூன்றி, 1658-இல் டச்சுக்காரரிடம் ஊரைப் பறிகொடுத்துவிட்டுப் போன அவர்கள், போகிற போக்கில் இந்த இனிப்பை விட்டுச் சென்றார்கள் என்பது ஐதிகம். சமையற்கட்டில் யாரும் செப்பேடு வெட்டி வைப்பதில்லையாதலால், இந்த ஐதிகத்துக்குச் சாசன ஆதாரம் கேட்டு வழக்காடுவது வீண் வேலை. பண்டத்தையே சாட்சிக் கூண்டில் ஏற்றினால் அது ஓரளவு வாக்குமூலம் கொடுக்கும். மூடிய அடுப்பில் சுடுவதும், வெண்கருவை நுரைக்க அடித்துச் சர்க்கரை சேர்ப்பதும் ஐரோப்பியச் சமையலின் சம்பிரதாயங்கள். அங்கே இத்தகைய இனிப்புக்குப் பாதாம் பருப்பைத்தான் பொடித்துப் போடுவார்கள். பாதாம் விளையாத, விளையும் இடத்திலிருந்து வந்தாலும் விலை கட்டுபடியாகாத இந்தக் கரையிலே, மலையைத் தாண்டினால் கொல்லம் என்று கூப்பிடு தூரத்தில் கிடைத்த முந்திரி அதன் ஸ்தானத்தைப் பிடித்துக்கொண்டது. அந்த முந்திரியோ பிரேசில் தேசத்திலிருந்து போர்ச்சுகீசியக் கப்பலேறி இந்தியாவுக்கு வந்த மரம். விருந்தாளி கொண்டுவந்து நட்ட மரமே விருந்தாளியின் பண்டத்தையும் சுதேசியாக்கிவிட்டது.

பாரிஸ் நகரத்துக்கு ஒரு மாக்கரோன் உண்டு. இரண்டு மெல்லிய பாதாம் வில்லைகளுக்கு இடையில் கிரீம் தடவி, வர்ண வர்ணமாகக் கண்ணாடிப் பேழைகளில் அடுக்கி, சென்னையிலும் இப்போது யானை விலைக்கு விற்கிறார்கள். ஒரே குடும்பத்துப் பெயரைச் சூடியிருப்பதால் இரண்டையும் ஒப்பிட்டுப் பேசுவது நாகரிகமாகிவிட்டது. அந்த ஒப்பீட்டில் எனக்குச் சிரத்தை இல்லை. அது நடுவிலுள்ள கிரீமின் ருசியால் பிழைக்கிறது. தூத்துக்குடிச் சரக்குக்கு நடுவில் ஒளித்துவைக்க ஒன்றுமே கிடையாது.

ஒளித்துவைக்க ஒன்றுமில்லாத கலையில்தான் கைத்திறன் அப்பட்டமாகத் தெரியும். வெண்கருவில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். மிச்சமுள்ள ஒரு பங்கு பெரும்பாலும் புரதம். அதை விடாமல் அடிக்கும்போது புரதத்தின் முடிச்சுகள் அவிழ்ந்து, உட்புகும் காற்றுக் குமிழி ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய திரையாகப் படிகின்றன. இந்தத் திரைக்குக் கொழுப்பு ஜன்மப் பகை. மஞ்சள் கரு ஒரு துளி கலந்தாலும், பாத்திரத்தின் விளிம்பிலே எண்ணெய்ப் பசை ஒட்டிக்கொண்டிருந்தாலும் நுரை எழும்பாமல் சோர்ந்துவிடும் என்பதால், தேர்ந்த மாஸ்டர் கருவைப் பிரிக்கும்போதே பத்தியத்துக்குரிய கண்டிப்போடு பிரிப்பார். சர்க்கரையை ஒரேயடியாகக் கொட்டினால் நுரை அமுங்கும். சிறுகச் சிறுகத் தூவினால் அதே சர்க்கரை நுரையைத் தாங்கி நிறுத்தும். கரண்டியைத் தூக்கினால் நுனி வளையாமல் நிமிர்ந்து நிற்கிற பதம் வரும்வரை அடிக்கிற வேலையை இப்போது மின்சார இயந்திரம் செய்கிறது. அதில் குறை சொல்ல எதுவும் இல்லை. நிறுத்தவேண்டிய கணத்தை அறிவது இன்னமும் மனிதக் கண்ணின் பொறுப்பாகவே இருக்கிறது.

இனிமேல்தான் சங்கடம். இத்தனை பாதுகாப்போடு எழுப்பிய நுரையில் கடைசியாகக் கலக்கப்போகிற முந்திரியின் எடையில் ஏறக்குறையப் பாதி எண்ணெய்! எந்தப் பகையை வாசலிலேயே தடுத்து நிறுத்தினார்களோ, அந்தப் பகையையே நடுவீட்டில் கொண்டுவந்து உட்காரவைக்க வேண்டும். முந்திரியை மையாக அரைத்தால் எண்ணெய் கசிந்து நுரையைக் கொன்றுவிடும். பரபரவென்று உடைத்தாலோ துண்டுகள் கனத்தால் அடியில் இறங்கிவிடும். ஆகவே எண்ணெய் வெளிவராத, ஆனால் கனமும் இல்லாத ஒரு மத்தியமப் பொடியாக அதை இடித்து, அடுப்பு தயாராகக் காத்திருக்கும் கடைசி நேரத்தில், அழுத்தாமல் அடியிலிருந்து மேலாகப் புரட்டிக் கலந்து, தாமதமின்றிக் காகிதக் கூம்பிலே நிரப்பி, தட்டில் விரித்த தாளின்மேல் சுருள் சுருளாகப் பிழிந்துவிடவேண்டும். அடி அகன்று, இரண்டு மூன்று வளையமாக மேலேறி, நுனியில் குவிந்து முடிகிற அந்தக் கூம்பு வடிவம் அழகுக்காக மாத்திரம் ஏற்பட்டதென்று நினைக்க வேண்டாம். வளையங்களின் இடுக்குகளில் அனல் புகுந்து உள்ளீரத்தை வாங்குவதற்கும் அதுவே உபாயம்.

சுடுவது என்று பழக்கத்தால் சொல்கிறோமே ஒழிய, மக்ரூன் விஷயத்தில் நடப்பது உலர்த்துவதுதான். ஊரைச் சுற்றியிருக்கும் உப்பளப் பாத்திகளில் வெயில் செய்கிற வேலையையே அடுப்புக்குள் அடங்கிய அனல் செய்கிறது: நீரை வெளியேற்றி வெண்மையை மீதம் வைப்பது. விறகு எரித்துச் சூடேற்றும் பழைய செங்கல் அடுப்புக்கு ஒரு தினசரிக் கிரமம் உண்டு. முதற்சூட்டின் உக்கிரம் ரொட்டிக்கும் பன்னுக்கும். அது சற்றுத் தணிந்ததும் பிஸ்கட்டுக்கும் கேக்குக்கும். எல்லா வேலையும் முடிந்து, கங்கும் வாரப்பட்டு, செங்கல் மட்டும் தன்னுள் வாங்கிவைத்த வெதுவெதுப்பை மெல்ல மெல்ல வெளியே விட்டுக்கொண்டிருக்கும் அந்திம வேளை மக்ரூனுக்கு. சர்க்கரை கருகத் தொடங்குவதற்கு 160 டிகிரி செல்சியஸாவது வேண்டும். மக்ரூன் கேட்பது அதைவிட வெகுவாகத் தாழ்ந்த சூடு. சூடு ஏறினால் மேல்தோல் பழுத்து வெடித்து, உள்ளே பிசின் தங்கும். இறங்கினால் நுரை உலருமுன் படிந்துபோகும். அடுப்புக்குள் கையை நீட்டிப் பார்த்தே இதை நிதானிக்கிற மாஸ்டர்கள் உண்டு. கதவைச் சாத்திவிட்டால், இராப்பொழுது முழுவதும் அந்த அடங்கும் சூட்டிலேயே தட்டுகள் கிடக்கும். பெருந்தீயை ஆள்வது பலருக்கும் கைவரும். தணிந்துகொண்டே போகிற சூட்டின் எந்தப் படியில் எதை வைப்பது என்று அறிவது அபூர்வம்; மக்ரூனின் மேன்மை முழுதும் இந்த அறிவிலேதான் இருக்கிறது என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். மின்சார அடுப்பிலும் நல்ல மக்ரூன் செய்கிறார்கள். அங்கே சூடு ஒரே அளவில் நிற்பதால் பிழையும் குறைவு. ஆனால் செங்கல் அடுப்பின் இறங்குமுகத்தில் ஓர் இரவெல்லாம் கிடந்து எழுந்ததற்கு, மேல்தோலுக்கும் உள்ளுக்கும் நடுவே எல்லையே தெரியாத ஒரு மழமழப்பான மாறுதல் வாய்க்கிறது. அது மின்சாரத்தில் எனக்குக் கிடைத்ததில்லை.

பரீட்சிக்கும் முறை வருமாறு. முதலில் நிறம். சுத்த வெண்மை என்றால் உலர்த்தியது போதவில்லை. பழுப்பு என்றால் மிஞ்சிவிட்டது. பழைய யானைத் தந்தத்தின் சாயல் இருக்கவேண்டும். பிறகு கையில் எடுத்தால், கண் எதிர்பார்த்த கனம் கைக்குக் கிடைக்கக் கூடாது. அடித்தாள் சிணுங்காமல் உரிந்து வரவேண்டும். முகர்ந்தால் முந்திரி தெரியலாம், முட்டை தெரியலாகாது. வாயிலிட்ட பின் பல்லுக்கு அதிக வேலை கொடுக்காதீர்கள். மேல்தோல் ஒருமுறை நொறுங்கட்டும். அப்புறம் நாவால் மேலண்ணத்தில் வைத்து அழுத்தினாலே போதும். முதலில் சர்க்கரை வெளிப்பட்டு, ‘இவ்வளவுதானா’ என்று ஒரு நிமிஷம் சந்தேகத்தைக் கிளப்பும். நுரை கரைந்தபின், அதுவரை குமிழிகளுக்கிடையே சிறைப்பட்டிருந்த முந்திரிப் பொடி நாக்கில் தங்கி, தன் எண்ணெய்ச் சுவையைப் பைய விடுவிக்கிறது. இனிப்பு முன்னே வந்து முன்னே போக, முந்திரி பின்னே வந்து நெடுநேரம் இருக்கும். இந்த வரிசை புரண்டு, கடைசியில் நாக்கில் சர்க்கரையே எஞ்சினால், அந்தக் கடையில் முந்திரியைக் குறைத்திருக்கிறார்கள் என்று தாராளமாக முடிவு கட்டலாம்.

தனலட்சுமி, கணேஷ் முதலான பெயர் பெற்ற பேக்கரிகள் ஊரில் இருக்கின்றன. பெயர்ப்பலகை பெரிதாக இல்லாத சிறு கடைகளிலும் சிலாக்கியமான சரக்கு கிடைப்பதுண்டு. கடைக்குக் கடை பேதம் உண்டு. ஒன்றில் சற்று இழுவைத்தன்மை, இன்னொன்றில் ஒரே நொறுங்கல், வேறொன்றில் முந்திரி தூக்கல். இவற்றுள் எது சாஸ்திரோக்தம் என்பது பற்றி உள்ளூரில் குடும்பத்துக்குக் குடும்பம் பக்ஷபாதம் இருப்பதால், விருந்தாளி வாய் திறக்காமல் எல்லாவற்றையும் தின்றுபார்ப்பதே விவேகம். “அண்ணாச்சி, இன்னைக்குப் போட்டதா?” என்று கேட்டால், “ராத்திரி வச்சது, காலைல எடுத்தது” என்று பதில் வரும் கடையாகப் பார்த்து நில்லுங்கள். அங்கேயே ரஸ்க்கும், வெண்ணெய் பிஸ்கட்டும், தேங்காய் பன்னும் இருக்கும். ரஸ்க் மோசமில்லை. பப்ஸ் எந்த ஊர்ப் பப்ஸையும் விட உசத்தியுமில்லை, தாழ்த்தியுமில்லை. டிசம்பர் மாதத்துப் பிளம் கேக்கைப் பற்றி எழுத வேறு கட்டுரை வேண்டும். சைவ நண்பர்களுக்கு ஓர் எச்சரிக்கை: வெள்ளை வெளேரென்று சாதுவாக இருக்கிறதே என்று நம்பிக் கேளாமல் தின்றுவிட்டு, பின்பு மூலப்பொருளைத் தெரிந்துகொண்டு வருந்தியவர்கள் உண்டு.

கடலோரத்துக் காற்றின் ஈரத்தில், ஈரமே ஆகாத ஒரு பண்டத்தை ஜீவனமாகக் கொண்டிருப்பது விசித்திரந்தான். சர்க்கரை காற்றிலுள்ள நீரைத் தேடி இழுக்கும் குணமுடையது. திறந்து வைத்த மக்ரூன் மழைநாளில் ஒரு பொழுதுக்குள் நொறுநொறுப்பை இழந்து பிசுபிசுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் உப்பளத்தார் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்க, பேக்கரிக்காரர் நிறுத்த முடியாமல் வானத்தைப் பார்த்துக்கொண்டு சுடுகிறார். இயலுமானால் ரசிகர்கள் கோடையில் போகட்டும். ஜூலை 26 முதல் ஆகஸ்ட் 5 வரை நடக்கும் பனிமய மாதா திருவிழாவுக்குப் போகிறவர்களுக்குப் பருவமும் வாய்க்கும், வெளியூர் ஜனங்கள் வாங்கிப் போகும் வேகத்தில் சரக்கும் கடையில் தங்காமல் புதிதாகவே கிடைக்கும்.

சமீப காலத்தில் சாக்லெட் கலந்தும், ரோஜா நிறமும் பச்சை நிறமும் ஏற்றியும் மக்ரூன்கள் தோன்றியிருக்கின்றன. குழந்தைகள் கேட்கிறார்கள் என்பது வியாபாரிகளின் சமாதானம். இருக்கலாம். ஆனால் தந்த நிறத்தைக் கொண்டு சூட்டை அளக்கிற வழியை வர்ணம் மூடிவிடுகிறது; முந்திரியின் பின்வரவைக் கோகோவின் கசப்பு அடித்துப் போய்விடுகிறது. பிழை செய்த அடுப்புக்கு அது நல்ல போர்வை. நிறமேற்றாத பழைய தினுசே உயர்ந்தது என்பதில் எனக்கு இரண்டாம் எண்ணமில்லை.

தூத்துக்குடிக்குப் போகும் வாசகர்கள் ஒரே கடையில் ஒரு கிலோ வாங்குவதை விட்டு, மூன்று கடைகளில் கால் கால் கிலோவாக, வெறும் வெள்ளை மக்ரூனாகவே கேட்டு வாங்குங்கள். சில உருப்படிகளை அன்றைக்கே, அந்த ஊரிலேயே தின்றுவிடுங்கள். மீதியை முத்துநகர் எக்ஸ்பிரஸ் ஏறுமுன் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து, வீடு வந்தபின் ஈரமில்லாத அலமாரியில் வையுங்கள். குளிர்பெட்டியில் வைக்க வேண்டாம்.