சிவப்புப் பொத்தானுக்குள்

சாய்ந்தமருதுக் கடற்கரைக்குப் போய்வந்த வேனில் மணல் நுழையாத இடம் கிடையாது. பிள்ளைகளின் காலோடு ஏறி, இருக்கை இடுக்கில் இறங்கி, கடைசியில் சீட் பெல்ட் பக்கிளின் வாய்க்குள் போய்ச் சேரும். பிறகு பெல்ட்டின் உலோக நாக்கை உள்ளே தள்ளினால் ‘டக்’ என்று விழாது.

அந்த ‘டக்’ எனக்கு மிகவும் பிடித்த ஓசை. நாக்கின் துளையில் சிறு இரும்புக் கொக்கி விழ, உள்ளிருக்கும் வில் அதை அழுத்திப் பிடிக்கும் சத்தம் அது. நல்ல கராஜ் பாஸ் பழுதைக் காதாலேயே கண்டுபிடிப்பார். பக்கிளின் சிவப்புப் பொத்தானை அமுக்கியபடி காற்றடிப்பார். மணலும் பிஸ்கட் தூளும் பறக்கும், சிலவேளை குற்றிக் காசும் தட்டுப்படும். எண்ணெய் மட்டும் விடக் கூடாது, தூசியை இழுத்து வைத்துக்கொள்ளும். சுத்தம் செய்தும் கொக்கி விழாவிட்டாலோ, சுண்டி இழுக்கையில் கழன்றாலோ, பக்கிளையே மாற்ற வேண்டும். விபத்தில் இழுபட்டதையும் அப்படியே.

1959இல் நில்ஸ் போலின் உருவாக்கிய மூன்று முனைப் பெல்ட்டின் காப்புரிமையை வொல்வோ எல்லோருக்கும் திறந்துவிட்டது. எவ்வளவு பெரிய மனது! இலங்கையில் முன்னிருக்கைக்குச் சீட் பெல்ட் 2011இல் கட்டாயமானது. பின்னிருக்கைப் பக்கிள்களையும் இழுத்துப் பார்த்த பிறகுதான் நான் கல்முனைக்கே வண்டி எடுப்பேன்.