மோரிஸின் பச்சைச் சுவரும் நம்மூர்க் கைவினையும்

உள்ளலங்காரம் பற்றி இந்தப் பக்கங்களில் எழுதுவதா என்று தோழர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். திரைச்சீலை, சோபா எல்லாம் காசுள்ளவன் கவலை, நமக்கெதுக்கு என்று. ஆனால் சுவர், தரை, கதவு எல்லாமே யாரோ உழைத்துச் செய்தவை. அந்த உழைப்பு எந்த நிபந்தனைகளில் நடந்தது என்று கேட்கும்போதே வீட்டின் அழகு அரசியலுக்குள் வந்துவிடுகிறது. இந்தக் கேள்வியை உரக்கக் கேட்டவர்களில் முக்கியமானவர், வீடுகளை அலங்கரிப்பதையே பிழைப்பாகக் கொண்டிருந்த வில்லியம் மோரிஸ் (1834-1896). நம்மிடையே அவரைத் துண்டு போட்டுத்தான் படிக்கிறோம். இடதுசாரிகளுக்கு அவர் 1890இல் ‘நியூஸ் ஃப்ரம் நோவேர்’ எழுதிய சோஷலிஸ்ட். டிசைன் படிக்கும் பிள்ளைகளுக்குப் பூவும் கொடியுமாக வால்பேப்பர் வரைந்தவர். இந்த இரண்டு பேரையும் ஒரே ஆளாக்கிக் காட்டியது இ.பி. தாம்ஸன் 1955இல் எழுதிய வரலாறு. அதோடு நம் பக்கத்துக் கதை ஒன்றையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்பதே என் வாதம்.

1859-60இல் நண்பர் ஃபிலிப் வெப் வடிவமைப்பில் மோரிஸ் தனக்கொரு வீடு கட்டிக்கொண்டார். அதுதான் ‘ரெட் ஹவுஸ்’. கடையில் கிடைத்த சாமான் எதுவும் பிடிக்கவில்லை. நண்பர்களும் மனைவி ஜேனுமாகச் சேர்ந்து சுவருக்குச் சித்திரம் தீட்டினார்கள், துணியில் பூவேலை செய்தார்கள், மேசை நாற்காலிகளைத் தாங்களே வடிவமைத்தார்கள். அந்தக் கூட்டு வேலையிலிருந்து 1861இல் கம்பெனி பிறந்தது. தான் செய்யத் தெரியாத ஒன்றை இன்னொருவனிடம் செய்யச் சொல்லக்கூடாது என்பது மோரிஸின் வைராக்கியம். 1875 முதல் லீக் நகரில் தாமஸ் வார்டலின் சாயப்பட்டறைக்குப் போய்த் தொட்டியில் கைவிட்டு நின்றார். முழங்கை வரை நீலம். நெசவு கற்க வேண்டும் என்று தோன்றியபோது படுக்கையறையிலேயே தறி போட்டார். 1881இல் மெர்ட்டன் ஆபியில் சொந்தப் பட்டறை. 1883இல் வந்த ‘ஸ்ட்ராபெரி தீஃப்’ துணியைப் பாருங்கள்: முழுத் துணியையும் முதலில் அவுரி நீலத்தில் முக்கி, மரக்கட்டை அச்சால் வேண்டிய இடத்தில் மட்டும் நீலத்தை வெளுக்கவைத்து, பிறகு அங்கே சிவப்பும் மஞ்சளும் ஏற்றவேண்டும். நாள்கணக்கில் இழுக்கும் வேலை.

இதற்குப் பின்னால் இருந்தது ரஸ்கின் 1853இல் காதிக் கட்டடக்கலை பற்றி எழுதிய அத்தியாயம். கல்தச்சனின் கைப்பிசகு தெரியும் கல்லில் அவன் சுதந்திரம் இருக்கிறது. பிசகே இல்லாத வழுவழுப்பில் அவன் அடிமைத்தனம் இருக்கிறது என்ற பார்வை. மோரிஸ் ‘மூலதன’த்தைப் பிரெஞ்சில் படித்தது 1883இல். அந்நியமாதல் பற்றி இளம் மார்க்ஸ் எழுதிய 1844 கையெழுத்துப் பிரதிகள் முழுமையாக அச்சேறியது 1932இல்தான். ஆக, அவற்றைப் பார்க்காமலே, சாயத்தொட்டி வழியாகவும் ரஸ்கின் வழியாகவும் அந்த இடத்துக்கு ஒருவர் வந்து சேர்ந்திருக்கிறார். அர்த்தமுள்ள வெளி என்பது மோரிஸுக்கு அங்கே வசிப்பவனின் மனநிறைவோடு முடிந்துபோவதில்லை. அதைச் செய்தவனுக்கும் செய்யும்போது மகிழ்ச்சி இருந்திருக்கவேண்டும். இன்றைய உள்ளலங்காரப் பேச்சில் காணாமல் போயிருப்பது இந்தப் பாதிதான்.

சரி, மோரிஸ் இதைச் சாதித்தாரா? கைவேலைக்குக் கூலி கொடுத்தால் விலை ஏறும். வாங்கியது பணக்காரர்கள். இரும்பாலை முதலாளி லோதியன் பெல்லின் வீட்டு வேலையின்போது, பணக்காரர்களின் கொழுத்த சொகுசுக்குச் சேவகம் செய்தே என் ஆயுசு போகிறது என்கிற மாதிரி அவர் வெடித்ததாக ஒரு செய்தி உண்டு. இந்த முரணை எல்லோரும் சொல்லிக்காட்டியாயிற்று. எனக்கு அதைவிட உறுத்துவது வேறு.

மோரிஸ் குடும்பத்துச் செல்வத்தின் ஊற்று, டெவன் கிரேட் கன்சால்ஸ் என்ற செம்புச் சுரங்கத்தின் பங்குகள். செம்பு குறைந்தபோது அந்தச் சுரங்கம் ஆர்சனிக் எடுத்து விற்றது. 1871 முதல் 1875 வரை மோரிஸ் அதன் டைரக்டர்களில் ஒருவர். அக்காலத்து வால்பேப்பரின் பளிச்சென்ற பச்சையில் செம்பும் ஆர்சனிக்கும் கலந்திருந்தன. மோரிஸின் ‘ட்ரெல்லிஸ்’ மாதிரி ஒன்றை ஆண்ட்ரூ மெஹார்க் சோதித்து, அதன் பச்சையில் ஆர்சனிக் இருப்பதை 2003இல் வெளியிட்டார். இந்த வால்பேப்பர் ஆளைக் கொல்கிறது என்று டாக்டர்கள் சொன்னபோது, அது வீண்பீதி என்று 1885இல் வார்டலுக்கு எழுதிய கடிதத்தில் தள்ளிவிடுகிறார் மோரிஸ். அப்போது அவர் சோஷலிஸ்ட் ஆகி இரண்டு வருஷம்.

இதை வைத்து ‘போலி’ என்று முத்திரை குத்திவிட்டுப் போவது சுலபம். அது விமர்சனமாகாது. துணிச் சாயத்தில் தானே கைவிட்ட மோரிஸ், வால்பேப்பர் அச்சடிப்பை ஜெஃப்ரி கம்பெனியிடம் விட்டிருந்தார். நிறப்பொடி எங்கிருந்தோ வந்தது. சுரங்கத்துக்குள் அவர் கை போகவில்லை. கை படாத இடம் கண்ணிலும் படவில்லை. அவுரியும் அப்படித்தான். ரெட் ஹவுஸ் எழும்பிய அதே 1859-60இல் வங்காள விவசாயிகள் அவுரி பயிரிட மாட்டோம் என்று கலகம் செய்தார்கள். தீனபந்து மித்ராவின் ‘நீல் தர்ப்பண்’ வெளிவந்தது 1860இல். ஐரோப்பியச் சந்தைக்கு அன்று போன இயற்கை அவுரியில் பெரும்பகுதி இந்தியாவிலிருந்துதான் போனது. பட்டறைக்குள் கைவினையின் அறம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், பட்டறை வாசலுக்கு வந்து இறங்கும் மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் அந்த அறம் பாதிதான்.

இனி நம் பக்கத்துக் கதை. மோரிஸின் கெல்ம்ஸ்காட் அச்சகத்து இயந்திரங்களைப் பின்னர் வாங்கியவர் சி.ஆர். ஆஷ்பி. அவை வழியாக, பிராட் கேம்டன் கிராமத்தில் தானே மேற்பார்த்து 1908இல் ‘இடைக்காலச் சிங்களக் கலை’யை அச்சிட்டவர் ஆனந்த குமாரசாமி, கொழும்பில் பிறந்தவர், முத்து குமாரசாமியின் மகன். மறு வருஷமே ‘இந்தியக் கைவினைஞன்’. இயந்திரத்தோடு மோரிஸின் கோபமும் கைமாறியது. ஆனால் வழியில் ஒன்று விட்டுப்போனது. மோரிஸ் இழந்துபோன கைவினைஞனை எதிர்காலத்தில், வர்க்கமற்ற சமூகத்தில் தேடினார். குமாரசாமியோ அவன் இங்கே ஏற்கனவே இருப்பதாகக் கண்டார்: கிராமத்தில், பரம்பரைத் தொழிலில், சாதியையே தொழிற்சங்கமாகக் கொண்ட ஒழுங்கில்.

யோசித்துப் பாருங்கள். பங்குத் தரகரின் பிள்ளையான மோரிஸ் ஒரே ஆயுசில் சாயக்காரர், தறிக்காரர், அச்சுக்காரர். நம்மூரில் ஒருத்தன் இத்தனை தொழில் மாற எத்தனை தெரு தாண்டணும்? எத்தனை பேரிடம் அடிபடணும்? வேலையில் மகிழ்ச்சி என்பதற்கு முன்நிபந்தனை, அந்த வேலையை விட்டுப்போகும் உரிமை. அது இல்லாத இடத்தில் கைத்திறன் இருக்கலாம், பிரமிக்கவைக்கும் நுட்பம்கூட இருக்கலாம். மோரிஸ் சொன்ன அர்த்தத்தில் சுதந்திரம் இருக்காது. சாதி வேலைகளை மட்டுமல்ல, வேலையாட்களையே பிரிக்கிறது என்று 1936இல் அம்பேத்கர் சொன்னதற்குப் பிறகு குமாரசாமியைப் பழையபடி படிக்க முடியாது. 1953இல் ராஜாஜி, பாதிநாள் பள்ளி, பாதிநாள் அப்பன் தொழில் என்று கொண்டுவந்தபோது பெரியார் அதைக் குலக்கல்வி என்று பெயரிட்டு எதிர்த்ததும், 1954இல் அது ஒழிந்ததும், கைவினை பற்றிய தமிழ் விவாதத்தின் முக்கியமான கட்டம் என்றே நான் கருதுகிறேன். அந்த விவாதம் இன்னும் முடியவில்லை. ஒன்றிய அரசு 2023இல் கொண்டுவந்த விஸ்வகர்மா திட்டத்தை, குடும்பத் தொழிலாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனையை ஆட்சேபித்துத் தமிழ்நாடு அரசு 2024இல் ஏற்க மறுத்தது.

இந்தப் பின்னணியில்தான் இன்று நகரத்து உள்ளலங்காரக்காரர்கள் ‘பாரம்பரியம்’ என்று சொல்வதைக் கேட்கவேண்டியிருக்கிறது. செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்துப்போட்ட பர்மாத் தேக்குத் தூண்கள் காரைக்குடிக் கடைகளில் விலைபோகின்றன. கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்டைக் கையால் ஊற்றிச் செய்யும் ஆத்தங்குடிக் கல் ஓட்டல் தரைகளுக்கு வந்துவிட்டது. நல்லதுதான், வேலை கிடைக்கிறது. நான் அந்தத் தரையை வெறுக்கவில்லை. மிதிக்கக் கூசும் அளவுக்கு அழகு அது. ஆனால் அந்த வெளிக்கு அர்த்தம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் நாம் சில கேள்விகள் கேட்கலாம். ஊற்றினவருக்கு நாள்கூலி என்ன? டிசைனில் அவர் பேச்சு எடுபட்டதா? சிமெண்டும் நிறப்பொடியும் எங்கிருந்து வந்தன, அங்கே யார் மூச்சில் என்ன போகிறது? தொழில் வேண்டாம் என்று அவர் மகன் போக முடியுமா? வேறு சாதிப் பெண்ணொருத்தி கற்றுக்கொள்ள வந்தால் பட்டறையில் இடம் உண்டா? தோலும் மூங்கிலும் வேலைசெய்கிறவர்களின் திறமையை இதே ஆட்கள் கைவினை என்று சொல்வார்களா, இல்லை அதற்கு வேறு பெயரா?

மோரிஸை நான் சிபாரிசு செய்வது இந்தக் கேள்விகளில் பாதியை அவர் நமக்குக் கற்றுத்தந்தார் என்பதால். மீதிப் பாதியை அவரிடமே திருப்பிக் கேட்கவேண்டியிருக்கிறது. அப்படிக் கேட்கும் வாசிப்பு தமிழில் இன்னும் தொடங்கவில்லை. கட்டடக்கலை மாணவர்களும் சாதி ஒழிப்பில் இருப்பவர்களும் ஒரே மேசையில் உட்கார்ந்து பேசினால் தொடங்கலாம். மேசையை யார் செய்தார்கள் என்பதையும் அங்கே பேசிக்கொள்ளலாம்.