புஸ்தகத்துக்கு ஒரு விலாசம்

சீர்காழி ராமாமிர்த ரங்கநாதன் கணித ஆசிரியர். 1924-ல் சென்னைச் சர்வகலாசாலையின் முதல் நூலகரானார். ஆரம்பத்தில் அந்த உத்தியோகம் அவருக்குப் பிடிக்கவேயில்லை. வகுப்புக்கே திரும்பிவிடப் பார்த்தார். படித்துவிட்டு வரட்டும் என்று லண்டனுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற விளையாட்டுச் சாமானைப் பார்த்தார். அதே துண்டுகளைத் திருகாணி போட்டு இணைத்தால் ஒரு தரம் பாலம், இன்னொரு தரம் பாரந்தூக்கி. 1933-ல் அவர் வெளியிட்ட கோலன் வகைப்பாட்டுக்கு இதுதான் வித்து. திருகாணியின் ஸ்தானத்தில் முக்காற்புள்ளி.

கதை எழுதுகிறவனாகையால், அதன் இலக்கியப் பகுதிதான் என்னை இழுத்தது. அமெரிக்கரான டூவியின் தசாம்ச முறையில் இங்கிலீஷ் இலக்கியத்துக்கு 820 என்று முழு வீடு. தமிழுக்கு 894.811; மிச்சமீதி பாஷைகளைத் தள்ளிவிட்ட கொல்லைப்புறத்தில் ஓர் ஒண்டுக்குடித்தனம்! ரங்கநாதன் முதலில் பாஷை, பிறகு கவிதை, நாடகம், கதை என்று உருவம், அப்புறம் ஆசிரியர் என்று அமைத்தார். எல்லாப் பாஷைகளுக்கும் ஒரே நியாயம். கோஷமில்லாமல் செய்த காரியம் இது.

ஆசிரியரைக் குறிக்கப் பிறந்த வருஷம். 1564-ல் பிறந்த ஷேக்ஸ்பியர், ஜே64. ஆக, எழுத்தாளர்கள் கீர்த்தியின்படி அல்ல, வயதின்படி அலமாரியில் நிற்கிறார்கள். நம் விமர்சகர்கள் இதைக் கவனிக்கலாம். நெற்பயிரின் நோயைப் பற்றிய புஸ்தகமானால் பயிர், நோய், இடம், காலம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிற எண், நாவலிடம் வந்ததும் விஷயத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. இதைக் குறை என்பார்கள். எனக்கு அது மரியாதையாகவே படுகிறது. ஒரு நல்ல நாவலை 'விதவை விவாகம்' என்று சீட்டு ஒட்டி ஒதுக்கினால், அதை யார் வாசிப்பார்கள்?

உண்மையான குறை வேறு. அவர் கை சும்மா இருக்காது. 1952-ல் வந்த நாலாம் பதிப்பில் முக்காற்புள்ளியோடு வேறு குறிகளும் சேர்ந்தன. 1957-ல் ஒரு பதிப்பு, 1960-ல் இன்னொன்று. ஏழாவது, அவர் 1972-ல் காலமாகிப் பதினைந்து வருஷம் கழித்து வந்தது. சித்தாந்திக்கு இது வளர்ச்சி. ஆயிரக்கணக்கான புஸ்தகங்களின் முதுகில் எண் எழுதி முடித்த குமாஸ்தாவுக்கோ மறுபடியும் முதலிலிருந்து. இந்தியாவிலேயே பெரும்பாலான நூலகங்கள் டூவியோடு இருந்துவிட்டதில் ஆச்சரியமில்லை. விஷயத்தைக் கூறுகூறாகப் பிரித்துக் கோக்கிற அவருடைய வழியை மட்டும் இங்கிலாந்தின் நூலகர்கள் எடுத்துக்கொண்டார்கள். எண்களை நம்மிடமே விட்டுவிட்டார்கள்.