பால் கலாநிதியின் மாத்திரை

பால் கலாநிதியின் ‘வென் பிரெத் பிகம்ஸ் ஏர்’ பற்றி நம்மவர்கள் எழுதும் பதிவுகளுக்கு ஒரு டெம்ப்ளேட் உண்டு. 36 வயது, ஸ்டான்ஃபோர்டில் நரம்பியல் அறுவைசிகிச்சைப் பயிற்சியின் கடைசிக் கட்டம், புகைப்பழக்கம் இல்லாதவர், நுரையீரலில் நான்காம் நிலைப் புற்றுநோய், 22 மாதங்களில் மரணம். அப்புறம் ‘வாழ்க்கையின் அர்த்தம்’ பற்றி ஒரு பத்தி, கண்ணீர் எமோஜி, ‘அவசியம் படிங்க’. கலாநிதி என்கிற பெயர் வேறு நமக்கு நெருக்கமாக இருப்பதால் இந்தப் பாசம் கொஞ்சம் கூடுதல்.

நான் அந்தப் புத்தகத்தை மூன்று முறை படித்திருக்கிறேன். அது சாவைப் பற்றிய புத்தகம் என்று எனக்குத் தோன்றவில்லை. அதன் இரண்டாம் பாதி முழுக்க ஒரு சின்ன வெள்ளை மாத்திரை போட்ட கோட்டில் நடக்கிறது. டார்சீவா, அதாவது எர்லோட்டினிப். மாத்திரை வேலை செய்யும்போது கலாநிதி மறுபடி கத்தியைப் பிடிக்கிறார், குழந்தை பெற்றுக்கொள்ள முடிவெடுக்கிறார், எழுதுகிறார். மாத்திரை கைவிடும்போது புத்தகத்தின் வாக்கியங்களே மாறிவிடுகின்றன. கதையின் திருப்பங்களைத் தீர்மானிப்பது ஒரு மூலக்கூறு.

அந்த மூலக்கூறு என்ன செய்கிறது? செல்லின் மேற்பரப்பில் இ.ஜி.எஃப்.ஆர் என்றொரு புரதம். ‘வளர்’ என்று வெளியிலிருந்து சேதி வந்தால் உள்ளே கடத்தும். சிலருடைய கட்டிகளில் அதன் மரபணு பிசகி, சேதி வராமலே அந்த ஸ்விட்ச் ஆனிலேயே கிடக்கிறது. எர்லோட்டினிப், அதன் அண்ணன் ஜெஃபிட்டினிப் எல்லாம் அந்தப் புரதத்துக்குச் சக்தி வந்து சேரும் குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம் வரிசை. ஜெஃபிட்டினிப்புக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 2003-இல். அது சிலருக்கு மட்டும் ஏன் மாயம்போல வேலை செய்கிறது என்ற காரணம், அந்த மரபணுப் பிசகு, கண்டுபிடிக்கப்பட்டது 2004-இல். ப்ரொடக்‌ஷனில் ஓடவிட்டுவிட்டு அப்புறம் டாக்குமென்டேஷன் எழுதுவதை எங்கள் ஆபீஸ் மட்டும்தான் செய்கிறது என்று நினைத்திருந்தேன்.

இந்த மருந்துகள் பெரும்பாலும் ஒரு வருடத்தை ஒட்டித் தோற்றுப்போகின்றன. பாதிக்கு மேற்பட்ட நோயாளிகளில் காரணம் ஒரே ஓர் எழுத்துமாற்றம்: புரதத்தின் 790-ஆவது இடத்தில் திரியோனின் போய் மெத்தியோனின் வந்து உட்கார்கிறது. 2005-இல் கண்டுபிடித்தார்கள். என் தொழிலைச் சேர்ந்தவர்கள் உடனே ‘பக், பேட்ச்’ என்று பேச ஆரம்பிப்பார்கள். அந்த உவமை இங்கே உதவாது. பக் நம் பேட்சுக்குப் பதில் சொல்லாது. கட்டி என்பது ஒரு செல் அல்ல, கோடிக்கணக்கான செல்கள் கொண்ட கூட்டம். அதில் மாறிய செல்கள் சில, மருந்து வருவதற்கு முன்பே இருந்திருக்கலாம். ஒரே களைக்கொல்லியை வருடக்கணக்கில் அடித்த வயலைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். மருந்து அந்தக் களையைப் படைக்கவில்லை. சுற்றியிருந்ததை அழித்து, அதற்கு இடம் ஒதுக்கிக் கொடுத்தது.

இப்போது புத்தகத்துக்கு வருவோம். பயிற்சி முடியப்போகும் நேரத்தில் ஒரு ஸ்கேன். அதைக் கலாநிதியே கணினியில் திறந்து பார்க்கிறார். நுரையீரலில் புதிதாகப் பெரிய கட்டி. அடிவானத்தை விட்டு எழும்பும் முழுநிலவு போலத் தெரிகிறது அவருக்கு. பழைய படங்களுக்குத் திரும்பிப் போய்த் தேடினால் அங்கேயும் அதன் மங்கலான தடம். கோபமோ பயமோ இல்லை. மறுநாள் கடைசி முறையாக அறுவைசிகிச்சை அறைக்குப் போகிறார்.

பழைய படத்தில் தெரியும் அந்த மங்கலான தடம்தான் என்னைப் பொறுத்தவரை புத்தகத்தின் மையம். மருந்து நன்றாக வேலை செய்துகொண்டிருந்த நாட்களிலேயே, கண்ணுக்குத் தட்டுப்படாமல் அது வளர்ந்துகொண்டிருந்திருக்கிறது. ஆனால் இவ்வளவு கிட்டே வந்துவிட்டுக் கலாநிதி அவசரமாகக் கடந்துபோகிறார். சடலத்தைக் கூறாய்வதற்கும், மூளையில் ஓரிரு மில்லிமீட்டர் தவறுவதற்கும் நின்று நிதானமாக இடம் கொடுத்தவர், தன் உடலின் உள்ளே நடந்த இந்தப் பரிணாமத்துக்கு அந்த இடத்தைத் தரவில்லை. டார்வினும் தெரிந்த, இலக்கியமும் படித்த ஒரு மனிதர் இந்த விஷயத்தில் வெறும் நோயாளியாக நின்றுவிடுகிறார். அவகாசம் இல்லை என்பது நியாயமான பதில்தான். புத்தகம் முடியாமலே அவர் போய்விட்டார், மனைவி லூசியின் பின்னுரைதான் அதை முடித்துவைக்கிறது. இருந்தும் எனக்கு அது குறையாகவே படுகிறது.

விலை பற்றியும் மௌனம். அமெரிக்க மருத்துவர் ஒருவரின் நினைவுக்குறிப்பில் அதை எதிர்பார்ப்பது கொஞ்சம் அநியாயம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2008-இல் சிப்லா இதே எர்லோட்டினிப்பை மாத்திரை 1,600 ரூபாய்க்குக் கொண்டுவந்தபோது ரோஷின் டார்சீவா 4,800 ரூபாய். தில்லி உயர்நீதிமன்றத்தில் வருடக்கணக்காக வழக்கு நடந்தது. தினமும் ஒரு மாத்திரை. இங்கே உட்கார்ந்து படிக்கும் எனக்கு அந்த வெள்ளை மாத்திரை எந்தப் பக்கத்திலும் விலைச்சீட்டோடுதான் தெரிகிறது.

என் சித்தி பதினான்கு மாதம் ஜெஃபிட்டினிப் சாப்பிட்டார். ஆஸ்பத்திரி வராந்தாவில் யாரும் ‘எதிர்ப்பு’ என்ற சொல்லைச் சொல்லிக் கேட்டதில்லை. “மாத்திரை கேக்குதாக்கா?” “இப்ப கேக்கல, வேற மாத்தணுங்கறாங்க.” ஆங்கிலம் இதற்குப் போர்க்களத்து வார்த்தையை வைத்திருக்கிறது, நம் கட்டுரைத் தமிழும் அதையே எடுத்துக்கொண்டது. வராந்தாத் தமிழில் இது பேச்சுக் கேட்காத பிள்ளையின் சங்கதி. உயிரியலுக்கு அதுதான் கிட்டே இருக்கிறது. கேட்கிற செல்களும் கேட்காத செல்களும் ஒரே வீட்டுப் பிள்ளைகள்தானே.

கலாநிதி 2015 மார்ச்சில் இறந்தார். 790-இல் மாறிய கட்டிகளுக்கென்றே வந்த ஓசிமெர்ட்டினிப்புக்கு அனுமதி கிடைத்தது அதே வருடம் நவம்பரில். அவருக்கு உதவியிருக்குமா என்று கணக்குப் போட நான் விரும்பவில்லை. அந்த மருந்து 797-ஆவது இடத்தைப் பிடித்துக்கொண்டு வேலை செய்யும். அந்த இடமும் மாறிப்போவது 2015-லேயே பதிவாகிவிட்டது. பின்னாளில் முதல் சிகிச்சையாகவே அதைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், நோய் முன்னேறாமல் இருந்த காலத்தின் இடைநிலை 10.2 மாதத்திலிருந்து 18.9 மாதமானது. கூடுதலாக எட்டு மாதம், இருபத்தொரு நாள் அளவுக்கு. இதைச் சின்னது என்று சொல்பவர்கள், கலாநிதி தன் மகளோடு இருந்தது எத்தனை மாதம் என்று ஒருமுறை எண்ணிப் பார்க்கலாம். எட்டுதான்.

டெம்ப்ளேட் பதிவுகளில் நான் பார்த்தேயிராத காட்சி ஒன்று இருக்கிறது. கலாநிதி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். இளம் பயிற்சி மருத்துவர் ஒருவர், கல்லீரல் அளவுகளைக் காட்டி டார்சீவாவை நிறுத்திவிடுகிறார். புதிய கட்டியைத் தடுக்க முடியாத மாத்திரைதான் அது. ஆனால் அது இல்லையென்றால் எலும்பு வலி திரும்பி வரும் என்று கலாநிதிக்குத் தெரியும். தோற்றுப்போன மருந்து இன்னும் பாதி உடம்பைக் காத்துக்கொண்டிருக்கிறது. அந்தப் பையனுக்கோ இவர் டிக் அடித்து முடிக்கவேண்டிய பட்டியலில் ஒரு வரி. நேற்றுவரை தானும் அப்படி டிக் அடித்துக்கொண்டிருந்த அந்த டாக்டர், ஒரு மாத்திரைக்காக அவனிடம் வாதாடுகிறார்.