தங்கம் மலிவு, ஆசிட் விலை அதிகம்

'நோ மேன்ஸ் ஸ்கை' விளையாட்டில் தங்கத்துக்குப் பெரிய மதிப்பில்லை. விண்வெளியில் மிதக்கும் கல்லைச் சுட்டால் கொட்டுகிறது, கோளில் இறங்கினால் பாறை பாறையாக நிற்கிறது. பங்காருபேட்டையில் உட்கார்ந்து விளையாடுகிறவர்களுக்குச் சிரிப்பு வரும். இங்கிருந்து கிளை ரயிலில் போனால் வரும் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், இதே உலோகத்துக்காக 3 கிலோமீட்டருக்கும் கீழே ஆட்கள் இறங்கினார்கள்.

விளையாட்டில் காசு இருப்பது கரிமப் பொருளில். விலங்குகளிடமிருந்து கிடைக்கும் மோர்டைட் 25, நச்சுக் கோள்களில் முளைக்கும் பூஞ்சை 600, இரண்டும் சேர்ந்தால் ஒரு ஆசிட். அதை விற்றால் நூற்றுக்கணக்கான தங்க அலகுகளின் விலை கைக்கு வரும். பூஞ்சை பறிக்கத் தனிக் கையுறை வேண்டும். விலங்கைச் சுடுவதைக் காவல் எந்திரங்கள் பார்த்துவிட்டால் துரத்தித் துரத்தி அடிக்கும். வேட்டை எனக்கு ஒத்துவரவில்லை. மோர்டைட்டைச் செடியாகவும் வளர்க்கலாம் என்று தெரிந்ததும் துப்பாக்கியை வைத்துவிட்டு விவசாயத்தில் இறங்கினேன். விதைத்து, காத்திருந்து, அளவு பார்த்துக் கலப்பதுதான் இந்த விளையாட்டில் எனக்குப் பிடித்த வேலை.

இடறுவது ஒன்றுதான். கலந்து முடித்ததும் மிச்சம் எதுவும் இல்லை. கசடு கிடையாது, அழுக்குத் தண்ணீர் கிடையாது. தங்கவயலில் அரைத்த பாறையைச் சயனைடு கரைசலில் போட்டுத் தங்கத்தைப் பிரித்தார்கள். 1887-இல் மக்ஆர்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் கிளாஸ்கோவில் கண்ட முறை. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. மிஞ்சிய கசட்டைக் கொட்டிய சயனைடு மேடுகள் இன்னும் அங்கேயே நிற்கின்றன, காற்றடித்தால் அந்தப் பொடி வீட்டுக்குள் வருகிறது. 1.8 லட்சம் கோடி கோடி கோள்களைக் கணக்குச் சூத்திரத்தால் படைத்த ஹலோ கேம்ஸ் நிறுவனத்துக்கு ஒரு கசடு மேட்டைப் படைப்பது பெரிய காரியமா? தோண்டியதற்கு விலை கொடுக்க வைத்திருந்தால் ஆசிட்டின் விலைக்கும் அர்த்தம் வந்திருக்கும்.

2016-இல் வெளியானபோது, சொன்னதில் பாதி இல்லை என்று வாங்கியவர்கள் திட்டித் தீர்த்தார்கள். அதன்பின் வந்த பெரிய மேம்பாடுகள் எல்லாமே இலவசம். இந்த நேர்மை அபூர்வம்.

2022 அக்டோபரில் வந்த நின்டெண்டோ ஸ்விட்ச் பதிப்பு, பெங்களூரு ரயிலில் உட்கார இடம் கிடைக்கிற அதிர்ஷ்டசாலிகளுக்கு. இணையம் இல்லாமலும் தனியாக ஆடலாம். ஆனால் எழுத்துகள் பொடிப்பொடியாக இருக்கும், தூரத்துக் காட்சிகள் மங்கும்.

நல்ல கணினி இருந்தால் அதிலேயே ஆடுங்கள். ஸ்டீமில் அடிக்கடி பாதி விலைக்கு வரும், முழு விலை கொடுக்க வேண்டாம்.