எவ்வளவு வெட்டுவது?

1983இல் ஸ்டீப்பர், ரோசாய் என்ற இரு நோயியல் மருத்துவர்கள், ஒன்பது பெண்களின் கட்டிகளை ஆராய்ந்து, அக்ரெஸிவ் ஆஞ்சியோமிக்சோமா என்ற தனி நோயை அடையாளம் காட்டினார்கள். பெரும்பாலும் பிள்ளை பெறும் வயதில், இடுப்புக்குழியிலும் பிறப்புறுப்பை ஒட்டியும் வருவது. கூழ்போல் மிருதுவான இந்தக் கட்டிக்குத் தெளிவான எல்லை கிடையாது; கொழுப்புக்கும் தசைக்கும் நடுவே ஊடுருவிப் பரவும். நுரையீரல் போன்ற உறுப்புகளுக்குத் தாவுவது மிக மிக அரிது. அறுத்த இடத்திலேயே மீண்டும் வளர்வதுதான் இதன் தொல்லை.

அந்தத் தொல்லைக்கு அஞ்சி, சுற்றியுள்ள நல்ல திசுவையும் அகலமாக வெட்டியெடுக்கும் புற்றுநோய் முறையையே அறுவை மருத்துவர்கள் வெகுகாலம் கையாண்டார்கள். அதில் நியாயம் இல்லாமலில்லை. மெதுவாக வளரும் இந்தக் கட்டியிடம் கீமோதெரபி எடுபடுவது அபூர்வம். ஒருமுறை அறுத்த இடம் தழும்பேறிவிட்டால் மறுமுறை அறுப்பது கடினம். ஆனால் கட்டியை ஒட்டியிருப்பவை சிறுநீர்த்தாரையும் மலக்குடலும். பெரும்பாலும் உயிரைக் குடிக்காத ஒரு நோய்க்காக, முப்பது வயதுப் பெண்ணை வயிற்றில் மலப்பையோடு அனுப்பிவைப்பது என்ன கணக்கு?

2000இல் ஹாங்காங் மருத்துவர்கள், அதுவரை பதிவான நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெட்டிய விளிம்பில் கட்டி மிச்சமிருந்தவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் மறுவளர்ச்சியில் பெரிய வேறுபாடு தென்படவில்லை. அகல அறுவையின் அடித்தளத்தையே ஆட்டிய முடிவு இது. ஆனாலும் வெவ்வேறு மருத்துவமனைகள், வெவ்வேறு கண்காணிப்புக் காலங்கள் எல்லாம் கலந்த தொகுப்பு. அதைக் காட்டி அரைகுறையாக அறுப்பதற்கு யாரும் உரிமம் கேட்க முடியாது.

என் பார்வையில் பெரிய பிழை, விளிம்பு விவாதத்துக்கு முன்பே நடந்துவிடுகிறது. இந்தக் கட்டியை, பிறப்புறுப்பின் வாயிலில் வரும் பார்த்தோலின் நீர்க்கட்டி என்றோ குடலிறக்கம் என்றோ நினைத்துக் கீறிவிடுகிறார்கள். வெளியே தெரிவது சிறு வீக்கம். உள்ளே மலக்குடலைத் தள்ளிக்கொண்டு பெரும்பகுதி கிடக்கும். எம்ஆர்ஐ எடுத்திருந்தால் அடுக்கடுக்காகச் சுழன்ற கோடுகள் காட்டிக்கொடுத்திருக்கும்.

பெரும்பாலான கட்டிகளில் ஈஸ்ட்ரோஜன், புரொஜெஸ்டிரோன் ஏற்பிகள் உண்டு. ஆகவே சூலகத்தை உறங்க வைக்கும் லியூப்ரோலைடு போன்ற ஊசிகளால் கட்டி சுருங்கியதுண்டு. அறுவைக்கு முன்னும், சிறிய மறுவளர்ச்சிக்கும் இவை உதவலாம். நீண்ட நாள் போட்டால் எலும்பு தேயும். நிறுத்தினால் கட்டி மீண்டும் வளரக்கூடும்.

அறுவைக்குப் பிந்தைய கண்காணிப்புதான் இருப்பதிலேயே பலவீனமான கண்ணி. ஐந்தாண்டு கடந்ததும் கோப்பை மூடிவிடும் வழக்கம் இங்கே உதவாது. பத்தாண்டு தாண்டியும் திரும்பிய கட்டிகள் பதிவாகியுள்ளன. இடுப்புக்குழிக்குள் மேலே மறைந்து வளரும் மெத்தென்ற கட்டி, கைப்பரிசோதனைக்குத் தட்டுப்படாமல் போகலாம். எத்தனை மாதத்துக்கொருமுறை ஸ்கேன் என்பதற்கு எல்லாரும் ஒப்பிய அட்டவணை இல்லை. இவ்வளவு அரிய நோயில் பெரிய ஒப்பாய்வு நடத்த ஆள் கிடைப்பதும் கடினம். இதற்கிடையே பெண் ஊர் மாறுவாள், கருத்தரிப்பாள். கர்ப்ப காலத்தில் கட்டி வேகமாக வளர்ந்ததும் உண்டு. டிஸ்சார்ஜ் சம்மரியில் 'சாதாரணக் கட்டி, அகற்றப்பட்டது' என்று மட்டும் இருந்தால், அடுத்த மருத்துவர் எம்ஆர்ஐ கேட்க எந்தக் காரணமும் இருக்காது.